எண்ண முடியாத உருளை

போன வாரம் பார்த்த ரூலெட் சக்கரத்தில் ஒரு நேர்மை இருந்தது. அமெரிக்கச் சக்கரத்தில் 38 குழிகள்; ஓர் எண்ணில் கட்டி ஜெயித்தால் ஒன்றுக்கு 35 தருவார்கள். குழிகளை எண்ணத் தெரிந்தால் போதும், சூதாட்ட விடுதிக்குப் போகும் பங்கை நின்ற இடத்திலேயே கணக்குப் போட்டுவிடலாம். ஸ்லாட் மெஷினும் ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தது.

19ஆம் நூற்றாண்டின் கடைசி ஆண்டுகளில் சான் பிரான்சிஸ்கோவில் சார்லஸ் ஃபே செய்த ‘லிபர்ட்டி பெல்’ இயந்திரத்தில் மூன்று உருளைகள். உருளைக்குப் பத்து நிறுத்தங்கள். ஆக 1,000 சேர்க்கைகள். ஐந்து சென்ட் போட்டு, மூன்று மணிகளும் வரிசையாக நின்றால் ஐம்பது சென்ட். அதுதான் உச்சப் பரிசு. பொறுமையாகப் படங்களை எண்ணினால் வாய்ப்பு பிடிபட்டுவிடும்.

கேசினோக்காரர்களுக்கு இது போதவில்லை. பெரிய பரிசைக் காட்டினால்தான் கூட்டம் வரும். பெரிய பரிசு என்றால் அது அரிதாகத்தான் விழ வேண்டும். உருளைக்கு 22 நிறுத்தங்கள் வைத்து, ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு ஜாக்பாட் படம் ஒட்டினாலும் 10,648 ஆட்டத்துக்கு ஒரு ஜாக்பாட் விழுந்துவிடும். ஒரு டாலர் ஆட்டத்தில் அதற்கு மேல் பரிசு வைத்தால் கேசினோவுக்கு நஷ்டம்.

இந்த முட்டுக்கட்டையை உடைத்தவர் டெல்னெஸ் என்ற கண்டுபிடிப்பாளர். 1984இல் அவருக்குக் கிடைத்த அமெரிக்கக் காப்புரிமையின்படி, உருளை எங்கே நிற்க வேண்டும் என்பதைக் கணினிச் சில்லு முடிவு செய்கிறது. சில்லுக்குள் கண்ணுக்குத் தெரியாத இன்னோர் உருளை, 64 நிறுத்தங்களோடு, இருப்பதாக வைத்துக்கொள்வோம். பொத்தானை அழுத்தியதும் சமவாய்ப்பு எண் ஒன்று பிறந்து, அந்த 64இல் ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறது. வெளியே சுற்றும் உருளை அதற்குரிய படத்தில் போய் நிற்கிறது, அவ்வளவுதான். ஜாக்பாட் படத்துக்கு 64இல் ஒரே இடம் ஒதுக்கினால், மூன்றும் சேர்ந்து விழும் வாய்ப்பு 2,62,144இல் ஒன்று. ஆடுபவர் கண்ணுக்குத் தெரிவதோ அதே 22 நிறுத்தங்கள்.

என்னை மிகவும் உறுத்துவது அடுத்த வேலை. ஜாக்பாட் படத்துக்கு மேலும் கீழும் உள்ள வெற்றிடங்களுக்கு ஆளுக்கு ஆறு இடம் கொடுத்துவிட்டால்? அந்தப் படம் பரிசுக் கோட்டில் நிற்பது 64இல் ஒருமுறை. கோட்டுக்கு ஒரு படி மேலேயோ கீழேயோ வந்து நிற்பது 12 முறை. ‘அடடா, மயிரிழையில் போச்சே’ என்று அடுத்த காசைப் போடுபவருக்கு அந்த மயிரிழையே திட்டமிட்டு வைக்கப்பட்டது என்று தெரியாது. உண்மையில் இருப்பதைவிட வெற்றி வாய்ப்பு அதிகம் என்று தோன்றச் செய்வது முக்கியம் என அந்தக் காப்புரிமை ஆவணமே வெளிப்படையாகச் சொல்கிறது. தோல்வி முடிவான பிறகு ‘கிட்டத்தட்ட வெற்றி’யைத் தனியாகப் பொறுக்கிக் காட்டிய யுனிவர்சல் நிறுவனத்தின் இயந்திரங்களை 1989இல் நெவாடா சூதாட்ட ஆணையம் ஏற்க மறுத்தது. சில்லு உருளைக்கு மட்டும் அனுமதி தொடர்ந்தது. இரண்டுக்கும் நடுவே ஆணையம் கண்ட வேறுபாடு, ஆடுபவரின் கண்ணுக்கு ஒருபோதும் தெரியப்போவதில்லை.

ஒவ்வோர் இயந்திரத்துக்கும் ‘பார் ஷீட்’ என்றொரு கணக்குத் தாள் உண்டு. எந்தப் படத்துக்கு எத்தனை இடம் என்பதெல்லாம் அதில் இருக்கும். ஒரே ஆட்டத்தை வெவ்வேறு திருப்பித் தரும் விகிதங்களில் தயாரிக்கிறார்கள். கேசினோ வேண்டியதை வாங்கிக்கொள்கிறது. அடுத்தடுத்து நிற்கும் ஒரே மாதிரியான இரு இயந்திரங்களின் விகிதம் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. நெவாடா விதி கேட்கும் குறைந்தபட்ச விகிதம் 75 சதவீதம். பிரிட்டனில் இந்த விகிதத்தை ஆடுபவருக்குத் தெரிவிக்க வேண்டும். எங்கும் அப்படித்தான் இருக்க வேண்டும்.

அப்படித் தெரிவித்தாலும் அந்த எண்ணைப் படிக்கத் தெரிய வேண்டும். 90 சதவீதம் என்றால், கொண்டுபோன 100 டாலரில் 90 மிஞ்சும் என்று பொருளல்ல. கணக்கு, கட்டும் ஒவ்வொரு டாலருக்கும். ஜெயித்த காசும் மறுபடி உள்ளேதான் போகிறது. மணிக்கு 600 ஆட்டம், ஆட்டத்துக்கு ஒரு டாலர் என்றால் கட்டியது 600 டாலர். சராசரி இழப்பு 60. இரண்டு மணி நேரத்தில் 120. கொண்டுபோனதோ 100.

அடுத்த வாரம்: பல கேசினோக்களின் இயந்திரங்களை ஒரே ஜாக்பாட்டில் கோத்த ‘மெகாபக்ஸ்’.