மஞ்சள் வரைக்கும் தண்ணி, அதைத் தாண்டினா டாக்டர்

இன்னைக்கு நாம தினமும் ஃப்ளஷ் பண்ணிட்டு மறந்துடற ஒரு விஷயம்: சிறுநீரோட நிறம். சாப்பிட்டுக்கிட்டே கேக்கறவங்க, பாஸ் பண்ணிட்டு அப்புறமா வாங்க.

என் ஃப்ரெண்ட் ஒருத்தன் ஜிம்ல சேர்ந்தான். முதல் நாளே வெறித்தனமா ஸ்குவாட்ஸ். ரெண்டு நாள் கழிச்சு போன் பண்றான். "மச்சி, தொடை பயங்கர வலி. யூரின் கோலா கலர்ல போகுதுடா." நானும் பெரிய இவனாட்டம், "தண்ணி பத்தலடா, ரெண்டு லிட்டர் குடி, சரியாயிடும்"னு சொல்லிட்டேன். அது தப்பு. ஏன்னு கடைசில சொல்றேன்.

முதல்ல, இந்த மஞ்சள் எங்கிருந்து வருது? நம்ம ரத்தச் சிவப்பணுக்களோட ஆயுள் சுமார் 120 நாள். அது சிதையும்போது பிலிருபின்னு ஒரு நிறமி உருவாகும். கல்லீரல் அதைக் குடலுக்கு அனுப்பும். அங்க இருக்கற பாக்டீரியா அதை மாத்தி, கடைசில யூரோபிலின்கிற மஞ்சள் நிறமி வருது. இந்த வேலையைச் செய்யற பாக்டீரியா என்சைமை 2024லதான் கண்டுபிடிச்சாங்க!

தினமும் வெளியேறுற நிறமி பெருசா மாறாது. மாறறது தண்ணியோட அளவு. உடம்புல தண்ணி குறைஞ்சா, மூளையில இருந்து வர்ற ஒரு ஹார்மோன் கிட்னிகிட்ட "தண்ணியைச் சேமி"ன்னு சொல்லும். அதே நிறமி, கம்மியான தண்ணி. ஃபில்டர் காபி டிகாக்‌ஷன் மாதிரிதான். 1994ல லாரன்ஸ் ஆம்ஸ்ட்ராங்னு ஒரு அமெரிக்க ஆய்வாளரோட குழு, இதை வெச்சு 8 நிறங்கள் இருக்கற ஒரு அட்டவணையை ஆராய்ஞ்சு வெளியிட்டாங்க.

வெளிர் மஞ்சள்னா நல்லா இருக்கீங்க. அடர் மஞ்சள்னா தண்ணி குடிங்க. காலைல முதல் தடவை மட்டும் கொஞ்சம் அடர்த்தியா இருக்கும், அதை வெச்சு முடிவு பண்ணாதீங்க. அதுக்காக, எப்பவும் பச்சைத் தண்ணி மாதிரியே போகணும்னு அவசியம் இல்ல. அளவுக்கு மீறிக் குடிச்சா ரத்தத்துல சோடியம் குறைஞ்சு, அதுவே ஆபத்தாகலாம். வெளியில நல்ல டாய்லெட் இல்லன்னு தண்ணியே குடிக்காம இருக்கறவங்க நிறைய பேர். புரியுது. ஆனா அந்தப் பழக்கம் கிட்னி கல், யூரின் இன்ஃபெக்‌ஷன் ரெண்டுக்கும் வழி விடும்.

சில நிறங்கள் சும்மா பயமுறுத்தும். பி காம்ப்ளெக்ஸ் மாத்திரை போட்டா பளிச்னு மஞ்சளா போகும், காரணம் பி2 வைட்டமின். பீட்ரூட் சாப்பிட்டா சிலருக்கு பிங்க். காசநோய்க்குக் குடுக்கற ரிஃபாம்பிசின் ஆரஞ்சு நிறமாக்கும். அதுக்குப் பயந்து மாத்திரையை நிறுத்திடாதீங்க, ப்ளீஸ்.

இப்ப முக்கியமான விஷயம். நிறம் மஞ்சளைத் தாண்டிட்டா, அது வெறும் தண்ணிப் பிரச்சினையா இல்லாம இருக்கலாம். யூரின் அடர் பழுப்பா போய் கண்ணும் மஞ்சளா இருந்தா, மஞ்சள் காமாலையா இருக்கலாம். சிவப்பா இருந்து, பீட்ரூட்டும் மாத்திரையும் காரணம் இல்லன்னா, ரத்தமா இருக்கலாம். வலியே இல்லாம, ஒரே ஒரு தடவை வந்தாலும் டாக்டரைப் பாருங்க. வலி இல்லாததால தள்ளிப் போடறதுதான் ஆபத்து. சிறுநீர்ப்பை புற்றுநோய் பல பேருக்கு அப்படித்தான் முதல்ல தெரியுது.

என் ஃப்ரெண்டுக்கு நடந்தது? தசை சிதைஞ்சு, அதுல இருக்கற மயோகுளோபின்கிற புரதம் ரத்தத்துல கலந்து யூரின்ல வந்துருக்கு. அது கிட்னியையே செயலிழக்க வைக்கலாம். நல்லவேளை, அவன் அக்கா என் அட்வைஸைக் கேக்காம அன்னைக்கு ராத்திரியே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனாங்க. சில நாள் டிரிப்ஸ் ஏத்தி சரியாச்சு.

அதனால, அடுத்த தடவை ஃப்ளஷ் பண்றதுக்கு முன்னாடி ஒரு செகண்ட் திரும்பிப் பாருங்க. யாராவது "கோலா கலர்ல போகுது"ன்னு சொன்னா, என்னை மாதிரி வைத்தியம் சொல்லாதீங்க. வண்டியை எடுங்க.