பிளீச்சிங் பவுடர் மேல் ஆசிட் ஊற்றினால் நுரையீரலுக்கு என்ன ஆகும்?

குத்தாலம் பக்கம் முகூர்த்தம் முடிந்த மறுநாள், மண்டபக் கழிப்பறையைக் கழுவ வருபவர்கள் பெரும்பாலும் பெண்கள். கறை போகலையேன்னு பிளீச்சிங் பவுடரைத் தூவி, அது மேலேயே ஆசிட்டை ஊற்றுவதுண்டு. வினை அங்கேதான். இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். காற்றைவிட ஏறத்தாழ 2.5 மடங்கு கனம் என்பதால் தரையோடு தங்கும். குனிந்து தேய்ப்பவரின் மூக்குக்கு நேராக. கண் எரியும், தொண்டை கமறும், நெஞ்சு அடைக்கும். நிறைய இழுத்துவிட்டால் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளலாம். ஆஸ்துமாவும் தொடங்கலாம்.

தினம் கொஞ்சமாக உள்ளே போவதும் சும்மா விடுவதில்லை. நார்வேயின் பெர்கன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 6,235 பேரின் 20 ஆண்டு விவரங்களை ஆராய்ந்து 2018-ல் வெளியிட்டார்கள். துப்புரவு வேலை பார்த்த பெண்களுக்கு நுரையீரல் திறன் வேகமாகக் குறைந்திருந்தது. தினம் 20 சிகரெட் வீதம் 10 முதல் 20 ஆண்டு புகைத்ததற்குச் சமம் என்றார்கள். (ஆண்களிடம் அந்த வித்தியாசம் தெரியவில்லை, ஆய்வில் இருந்த துப்புரவு ஆண்கள் குறைவு.)

துணி மாஸ்க் வாயுவைத் தடுக்காது. ஜன்னலைத் திறந்து, ஒன்றை நன்றாக அலசிவிட்ட பிறகே அடுத்ததை எடுக்கணும். இருமல் வேலை நாளில் கூடி, லீவு நாளில் குறைந்தால் டாக்டரிடம் என்ன வேலைன்னு சொல்லுங்கள், ஓபி சீட்டில் எழுதச் சொல்லுங்கள். வேலையால் வரும் ஆஸ்துமா சட்டப்படியான தொழில்நோய்ப் பட்டியலில் இருக்கிறது. இழப்பீடு கேட்கும்போது அந்தச் சீட்டு கைகொடுக்கும்.