நட்டஈடு எவருக்கு உரியது?

போரில் வீட்டையும் தொழிலையும் இழந்தோர்க்குச் சர்வதேச நடுத்தீர்ப்பு எதனை வழங்க வல்லது? இவ்வினாவுக்கு எரித்திரிய–எதியோப்பிய உரிமைக்கோரல் ஆணைக்குழுவின் வரலாறு தக்கதொரு விடையாகும். 1998இல் மூண்ட எல்லைப்போரின் முடிவில், 2000 டிசெம்பரில் கைச்சாத்தான அல்ஜியர்ஸ் உடன்படிக்கை இதனைத் தோற்றுவித்தது. நடுவர் ஐவர்; அமர்வுகள் ஹேக் நகரில் நிகழ்ந்தன.

போர்க்காலத்தில் எரித்திரிய வம்சாவளியினர் பல்லாயிரவர் எதியோப்பியாவிலிருந்து வெளியேற்றப்பட்டனர். அவர்தம் அசையாச் சொத்துக்களை ஒரு மாதத்துள் விற்றாக வேண்டும் என்றனர். விற்பனைக்கு விசேட வரியும் விதித்தனர். கடன் நிலுவைக்காகச் சொத்துக்கள் பறிபோயின. நாடுகடத்தப்பட்டவர் எங்ஙனம் நீதிமன்றேறி வழக்காடுவார்? இவற்றைத் தனித்தனியே நோக்கின் ஒவ்வொன்றுக்கும் ஒரு சட்டப்போர்வை உண்டு. ஆணைக்குழுவோ அவற்றின் ஒட்டுமொத்த விளைவை நோக்கி, 2004இல் எதியோப்பியாவைப் பொறுப்பாக்கிற்று. இவ்வணுகுமுறையே அதன் பணிகளுள் மிகப் பெறுமதியானது என்பது எமது கருத்து.

ஆயின், கோரிக்கையை முன்வைக்கும் உரிமை அரசுகளுக்கே இருந்தது. தனியாட்கள் சார்பில் எரித்திரியா தனித்துச் சமர்ப்பித்தவை ஆறு மட்டுமே. 2009 ஆகஸ்டில் வெளியான இறுதித் தீர்ப்பு எரித்திரிய அரசுக்கு 161,455,000 டொலரும், தனியாட்கள் பொருட்டு 2,065,865 டொலரும், எதியோப்பியாவுக்கு 174,036,520 டொலரும் விதித்தது. ஒன்றிலிருந்து ஒன்றைக் கழிப்பின் எஞ்சுவது ஏறத்தாழ ஒரு கோடியே ஐந்து இலட்சம் டொலர். அரசுகளின் பேரேட்டில் இஃது அற்பமே. அடிஸ் அபாபாவில் பூட்டிவிட்டு வந்த வீடு அப்பேரேட்டில் எவ்விடத்துப் பதியப்பட்டுள்ளது?

2018இல் இரு நாடுகளும் சமாதானப் பிரகடனத்தில் ஒப்பமிட்டபோதும் அத்தொகைகள் செலுத்தப்படாமலே இருந்தன.