சீகன்பால்கு ஐயரின் நாட்பொழுது

நமது தாம்பரத்தினின்று தெற்கே செல்லும் இருப்புப்பாதை விழுப்புரம், சிதம்பரம் ஆகிய ஊர்களைக் கடந்து, மாயவரம் என முன்னர் வழங்கிய மயிலாடுதுறையை அடைகின்றது. ஆண்டிறங்கிக் கடற்கரையை நோக்கிச் செல்வார் தரங்கம்பாடியைக் காண்பர். 1706-ஆம் ஆண்டு ஜூலை மாதம் 9-ஆம் நாள் அவ்வூர்க் கரையில் ஜெர்மானிய இளைஞர் இருவர் வந்திறங்கினர். ஒருவர் பர்த்தொலொமேயு சீகன்பால்கு ஐயர். மற்றவர் ஹென்ரிக் புளுட்சோ ஐயர். டென்மார்க்கு அரசராகிய நான்காம் பிரெடரிக் என்பாரால் ஊழியத்துக்கென அனுப்பப்பட்டவர் இவர்கள். சீகன்பால்கு ஐயர்க்கு அன்று இருபத்துநான்கு வயதும் நிரம்பவில்லை.

அரசரின் ஆணையோடு வந்தவர்க்கு அரசரின் கோட்டையிலேயே வரவேற்பு இல்லாதொழிந்தது. ஊழியக்காரரின் வரவு வாணிகத்துக்கு இடையூறாகுமென அஞ்சிய டேனியத் தளபதி அவர்களை ஏற்க விரும்பவில்லை. தங்கும் இடமும் அறியாது, மொழியும் அறியாது, அவ்விருவரும் அந்நிய நாட்டில் நின்றனர்.

அந்நிலையில் சீகன்பால்கு ஐயர் செய்த முதற் காரியம் யாதெனின், மாணாக்கராகியதே. திண்ணைப்பள்ளி ஆசிரியர் ஒருவரைப் பிள்ளைகளோடு தம் இல்லத்துக்கு வருவித்து, அச்சிறுவர் நடுவே தாமும் தரையிலமர்ந்து, மணலில் விரலால் எழுத்துகளை எழுதிப் பழகினார். ஆசிரியருக்கோ ஐரோப்பிய மொழி எதுவுந் தெரியாது. ஆதலின் எழுத்து வந்தும் பொருள் விளங்கவில்லை. அக்குறையை நீக்கியவர் போர்த்துக்கீசு முதலிய மொழிகளை அறிந்திருந்த அழகப்பன் என்னும் தமிழர். அவர் துணையால் ஓராண்டிற்குள் ஐயர் தமிழிற் பேசலாயினார்.

1708-ஆம் ஆண்டில் எழுதிய கடிதமொன்றில் தமது நாட்பொழுதை அவர் விரித்துரைத்துள்ளார். காலை 6 மணிக்கு ஞானோபதேசம். 7 மணிக்கு முன்னாளிற் கற்ற சொற்களை மீளப் பயிலுதல். 8 மணி முதல் நண்பகல்வரை முதிய புலவர் ஒருவரையும் எழுத்தர் ஒருவரையும் அருகிருத்தித் தாம் முன் படியாத தமிழ் நூல்களைப் படித்தல். புலவர் பொருளுரைப்பார், எழுத்தர் புதுச் சொற்களை உடனுக்குடன் குறித்துக்கொள்வார். உணவின்பின், வெயிலின் கொடுமையால் ஒருமணி நேரம் இளைப்பாறல். 2 மணிக்கு மீண்டும் உபதேசம். 3 முதல் 5 வரை மீண்டும் தமிழ் நூல். மாலையில் ஜெபமும் உடனூழியரோடு ஆலோசனையும் முடிந்தபின், இரவு 7 மணிக்கு விளக்கொளியில் தாமே படியாது, பிறரைப் படிக்கச் செய்து கேட்பார். நடையழகால் தம்மைக் கவர்ந்த நூலைப் பலமுறை திரும்பத் திரும்பக் கேட்டு, அறியாச் சொல் ஒன்றேனும் எஞ்சாதபடி செய்துகொள்வார்.

இவ்வாறு ஒழுங்காய் நடந்த நாட்களைக் கலைக்க வந்த துன்பங்கள் பல. 1708-இல் ஐரோப்பாவினின்று வந்த 2,000 தாலர் பணம், கப்பலினின்று கரைக்குக் கொணரும்போது கடலில் வீழ்ந்து மறைந்தது. அவ்வாண்டு நவம்பரில், ஏழை விதவை ஒருத்தியின் வழக்கிற் பரிந்து பேசியதை முன்னிட்டுத் தளபதி ஐயரைச் சிறையிலிட்டார். அச்சிறைவாசம் நான்கு மாதம் நீடித்தது. அச்சியந்திரத்தோடு இங்கிலாந்தினின்று புறப்பட்ட கப்பலைப் பிரெஞ்சுக்காரர் பிரேசில் நாட்டிற் கைப்பற்றினர். யந்திரம் மீட்கப்பட்டு வந்து சேர்ந்ததாயினும், உடன்வந்த அச்சாளர் வழியிலேயே இறந்தார். ஜெர்மனியில் வார்த்தனுப்பிய தமிழ் அச்செழுத்துகளோ மிகப் பெரியனவாய்த் தாளைப் பெரிதும் விழுங்கின; ஆதலின் பொறையாற்றில் சிறிய எழுத்துகள் வார்க்கப்பட்டன. இத்தனைக்கும் பின், 1715-இல் புதிய ஏற்பாடு தமிழில் அச்சாகி முடிந்தது. இந்திய மொழிகளுள் முதன்முதல் அச்சேறிய புதிய ஏற்பாடு இதுவே.

எனினும், அவர் அடைந்த இடர்களுள் தலையாயது வேறொன்றென எமக்குத் தோன்றுகிறது. இந்நாட்டார் கல்வியும் ஒழுக்கமும் அற்றவர் என்ற எண்ணத்தோடு வந்தவர் ஐயர். சுவடிகளைக் கற்கக் கற்க அவ்வெண்ணம் பிழையென உணர்ந்து, அதனை ஒளியாது எழுதியும் அனுப்பினார். 1708-இல் அவர் வகுத்த நூலட்டவணையில் இந்நாட்டார் இயற்றிய தமிழ் நூல்கள் 119 இடம்பெற்றன. திருக்குறளும் அவற்றுள் ஒன்று. தென்னாட்டுத் தெய்வங்களின் வரலாற்றை ஆராய்ந்து 1713-இல் ஒரு பெருநூலும் இயற்றினார். தம் சமயமே மெய்யென்னும் உறுதியில் அவர் தளர்ந்தவரல்லர். ஆயினும், பிறர் சமயத்தை அறியாமற் பேசலாகாது என்னும் நேர்மை அவர்க்கிருந்தது. ஜெர்மனியிலிருந்த பெரியோரோ அந்நூலை அச்சிட மறுத்தனர். புறச்சமயத்தை ஒழிக்கச் சென்றவர் அதனைப் பரப்பும் நூல் எழுதுவதா என்பது அவர்தம் கருத்து. அந்நூல் 154 ஆண்டுகள் கழிந்து, 1867-இல் நமது சென்னையிலேதான் அச்சேறிற்று. தளபதியின் சிறைக்குக் கதவு இருந்தது; நான்கு மாதத்தில் திறந்தது. தம்மை அனுப்பினோர் தாம் கற்றதை அறிய மறுக்கும் சிறைக்கோ அவர் வாழ்நாளிற் கதவு திறக்கவில்லை.

பிற்காலத்தில் மேலிடத்தாரின் கடுஞ்சொற்களும் நோயும் அவரை நலித்தன. 1719-ஆம் ஆண்டு பிப்ரவரி 23-ஆம் நாள், முப்பத்தாறாம் வயதில் அவர் மறைந்தார். தாம் எழுப்பிய புதிய எருசலேம் ஆலயத்திலேயே அடக்கம் பெற்றார்.

கடல் கொண்ட பணத்தையும் சிறைசெய்த தளபதியையும் இன்று நினைப்பார் சிலரே. காலை 8 மணி முதல் நண்பகல்வரை புலவர் அருகிலமர்ந்து கற்ற அந்த நான்கு மணி நேரமே நிலைத்தது. பிறமொழி நாடுகளினின்று நமது கலாசாலைக்கு வந்து, விடுதியில் தனித்திருந்து வருந்தும் நண்பர்க்கும், அவர்தம் மொழியில் ஒரு சொல்லேனும் கற்க முயலாத நமக்கும் இவ்வரலாறு ஒன்று உரைக்கின்றது: அயலூரில் தங்கினவரெல்லாம் அவ்வூரை அறிந்தவராகார், அவ்வூர்ப் பிள்ளைகளோடு தரையில் அமர்ந்தவரே அதனை அறிவார்.