பொம்மைகளும் வீடு மாறுகின்றன

வீடு மாறுவது என்றாலே எமது பெண்கள் பலருக்கு நெஞ்சு ஒருமுறை திக்கென்கிறது. காரணம் தெரிந்ததுதான். எம்மிற் பலர் ஆறுதலாக வீடு மாறியதே இல்லை. ஓடித்தான் பழகியிருக்கிறோம்.

1983 யூலையில் கொழும்பில் இருந்தவர்கள் உடுத்த உடையோடு கப்பலேறிக் காங்கேசன்துறையில் இறங்கினார்கள். 1990 ஒக்ரோபரில் வடக்கின் முஸ்லிம் சகோதரிகள் சில மணிநேரத்தில் வெளியேற்றப்பட்டார்கள். 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி வலிகாமத்து மக்கள் இரவோடிரவாக நாவற்குழிப் பாலத்தைக் கடந்தார்கள். 2007 யூன் 7ஆம் திகதி அதிகாலை, வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை போன்ற இடங்களின் லொட்ஜுகளில் தங்கியிருந்த தமிழர் 376 பேர் பஸ்களில் ஏற்றிக் கொழும்புக்கு வெளியே அனுப்பப்பட்டார்கள். மறுநாள் உயர் நீதிமன்றம் அதை இடைநிறுத்தியது. 2009இல் வன்னியில் நடந்ததை நான் சொல்ல வேண்டியதில்லை. இத்தனை இடப்பெயர்வுகளிலும் ஒரு பெண்ணிடமாவது, "அம்மா, எதை எடுக்கப்போகிறீர்கள், எதை விடப்போகிறீர்கள்?" என்று எவரும் கேட்டதில்லை.

அதனால்தான் இந்த மாதம் ஒரு சின்ன வீடு மாற்றத்தைப் பற்றி எழுதுகிறேன். அதுவும் பொம்மைகளைப் பற்றி. இதையெல்லாமா எழுதுவது என்று சகோதரிகள் நினைக்கலாம். சற்றுப் பொறுமையாக வாசியுங்கள்.

வெள்ளவத்தை மாடி வீடு

எமது குழுவுக்குப் பழக்கமான ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியை இருக்கிறார். 1996 முதல் வெள்ளவத்தையில் ஒரு வீட்டின் மேல்மாடியில் வாடகைக்கு இருந்தார். அந்த வீட்டை இடித்துத் தொடர்மாடி கட்டப்போகிறார்கள். மூன்று மாத அவகாசம் கிடைத்தது. கொட்டாஞ்சேனையில் பெறாமகள் வீட்டுக்குப் பக்கத்தில் இரண்டு அறை பார்த்திருந்தார். சாமான்களை ஒழுங்குபடுத்த உதவிக்கு நான் போனேன்.

கட்டில், அலுமாரி எல்லாம் ஒரு பகலில் முடிந்தது. மிஞ்சியது பொம்மைகள். எம்மவர் வீடுகளில் நவராத்திரிக்குப் பெரும்பாலும் கும்பம் வைத்து, சரஸ்வதி படத்துக்கு முன் புத்தகம் அடுக்குவதுதான் வழக்கம். படிகட்டிக் கொலு வைப்பதைக் கோயில்களிலும் பாடசாலைகளிலுமே அதிகம் காண்கிறோம். ரீச்சரும் பாடசாலை வாணிவிழாவுக்காகத்தான் சேர்க்கத் தொடங்கினார். பிறகு அது வீட்டுக்கும் வந்துவிட்டது. இந்தியாவுக்குப் போய்வந்த மாணவர்கள் கொடுத்த மண் பொம்மைகள், தஞ்சாவூர்த் தலையாட்டி, கொண்டபள்ளியின் மெல்லிய மரத்தில் செய்த தசாவதாரம், அம்பலாங்கொடையில் வாங்கிய நூற்பாவை, தையல் நிலையப் பெண்கள் செய்த துணிப் பொம்மைகள் என்று மொத்தம் 143. எல்லாவற்றிலும் பழையது ஒரு மரப்பாச்சிச் சோடி. அவருடைய தாயார் திருப்பதி யாத்திரையில் வாங்கிவந்தது. 95இல் உரப்பையில் அரிசிக்குள் வைத்துக் கொண்டுவந்தது அது மட்டுமே. மற்ற எல்லாம் யாழ்ப்பாண வீட்டோடு போயிற்று.

நான் விட்ட பிழை

அன்று நான் ஒரு பிழை விட்டேன். அதை மறைக்காமல் எழுதுகிறேன். வேலையை விரைவாக முடிக்கும் எண்ணத்தில், உடைந்தவற்றை எல்லாம் அவரிடம் கேளாமலே ஒரு கறுப்புக் குப்பைப் பையில் போட்டேன். அதில் ஒரு கை இல்லாத பிளாஸ்ரிக் பாவைப்பிள்ளை ஒன்றும் இருந்தது.

ரீச்சர் தேநீரோடு வந்தவர் பையைப் பார்த்தார். கோப்பையை வைத்துவிட்டு அந்தப் பாவைப்பிள்ளையை எடுத்துச் சீலைத் தலைப்பால் துடைத்தார். "பிள்ளை, இதை மட்டும் தொடாதேயும். கையைக் கழற்றினது அவன்தான். நாலு வயதிலை" என்றார்.

அவன் அவருடைய ஒரே மகன். 2008இல் வீட்டிலிருந்து போனவர் திரும்பவில்லை.

சமூகவியல் படித்த எனக்கு இதற்கொரு பெயர் தெரியும். பவுலின் பொஸ் என்ற அமெரிக்க அறிஞர் 1970களில் இதைத் 'தெளிவற்ற இழப்பு' என்ற பொருளில் பெயரிட்டார். காணாமற்போனவரின் குடும்பத்துக்கு ஒரு முடிவும் கிடைப்பதில்லை. இருக்கிறார் என்று மகிழவும் முடியாது. இல்லை என்று அழுது தீர்க்கவும் முடியாது. இதில் வருந்துபவரிடம் ஒரு குறைபாடும் இல்லை, நிலைமைதான் அப்படிப்பட்டது என்று அவர் வலியுறுத்துகிறார். பெயர் தெரிந்திருந்தும் என் கை அந்தப் பையை நாடியது. கல்லறையோ நினைவுநாளோ இல்லாத வீட்டில், ஒரு கை உடைந்த பொம்மைதான் அந்த இடத்தில் இருக்கிறது என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

ஆகவே சகோதரிகளே, முதலாவது விதி இது. காணாமற்போன ஒருவரின் பொருள் 'குறைக்கும்' பட்டியலில் வராது. "எத்தனை நாளைக்கு இதை வைத்திருக்கப்போகிறாய்?" என்று மற்றவர்கள் கேட்கலாம். நீங்கள் பதில் சொல்லத் தேவையில்லை. அந்தப் பொருளுக்குத் தனியாக ஒரு பெட்டி வையுங்கள். லொறியில் ஏற்றாமல், அடையாள அட்டை, முறைப்பாட்டுப் பிரதிகள் ஆகியவற்றோடு கையிலேயே கொண்டுபோங்கள்.

இதனோடு இன்னொன்றையும் மறக்கவேண்டாம். காணாமல் ஆக்கப்பட்டோர் பற்றிய அலுவலகம், செஞ்சிலுவைச் சர்வதேசக் குழு, மனித உரிமைகள் ஆணைக்குழு, பொலிஸ் நிலையம் என்று நீங்கள் எங்கெல்லாம் முறைப்பாடு செய்திருக்கிறீர்களோ, அங்கெல்லாம் புதிய முகவரியை எழுத்தில் கொடுத்துப் பிரதி ஒன்றை வைத்திருங்கள். இடித்த வீட்டுக்கு வரும் கடிதம் உங்கள் கைக்கு வராது.

எப்படிப் பிரித்தோம்?

அடுத்த வாரம் திரும்பப் போனபோது நான் குப்பைப் பை கொண்டுபோகவில்லை. ஒரு கொப்பியும் அளவு நாடாவும் கொண்டுபோனேன்.

முதலில் புதிய இடத்தை அளந்தோம். கொட்டாஞ்சேனை அறையில் ஒரு ரங்குப்பெட்டிக்கும் அலுமாரியின் மேற்தட்டுக்குமே இடம் இருந்தது. இடம் இவ்வளவுதான் என்று தெரிந்தபிறகு ரீச்சருக்கே முடிவெடுப்பது இலகுவாயிற்று. பொம்மைகளை எல்லாம் பாயில் பரப்பி, ஒவ்வொன்றையும் கைத்தொலைபேசியில் படம் பிடித்தோம். யார் கொடுத்தது, எந்த ஆண்டு என்று அவர் சொல்லச் சொல்ல நான் கொப்பியில் எழுதினேன். இரண்டு பின்னேரம் பிடித்தது. கதையைச் சொல்லி முடித்ததும் பல பொம்மைகளை அவரே, "இது போகலாம்" என்று எடுத்து வைத்தார். கதை கொப்பிக்குள் வந்துவிட்டதால் பொம்மையை விட மனம் இடம் கொடுத்தது போலும்.

தன்னுடன் வருவதற்கு 38. வேறு வீடு தேடுவதற்கு 81. உடைந்தவை 17. முடிவெடுக்க முடியாதவை 7. அந்த ஏழையும் ஒரு பெட்டியில் போட்டு, அடுத்த நவராத்திரி வரை திறப்பதில்லை என்று எழுதி ஒட்டினோம். எல்லாவற்றையும் ஒரே நாளில் தீர்மானிக்க வேண்டும் என்று சட்டம் இல்லை. பாவைப்பிள்ளை இந்தக் கணக்கில் இல்லை.

பிரிப்பதிலும் ஓர் ஒழுங்கு இருக்கிறது. தசாவதாரம் போன்ற தொகுதிகளைப் பிரிக்கக்கூடாது. முழுதாக வைத்திருக்க வேண்டும், அல்லது முழுதாகக் கொடுக்க வேண்டும். ஒரே உருவம் இரண்டு மூன்று இருந்தால் அதில் மனதுக்குப் பிடித்த ஒன்று போதும்.

கொடுப்பது எப்படி?

முகாம்களில் இருந்தபோது எமக்கு வந்த உதவிப் பொதிகளில் சில்லு இல்லாத காரும் தலை இல்லாத பொம்மையும் வந்ததை நாம் மறக்கவில்லை. ஆகவே உடைந்ததை நாம் எவருக்கும் கொடுக்கக்கூடாது. கொடுக்கும் முன் அவர்களுக்குத் தேவையா என்று கேட்க வேண்டும். தசாவதாரமும் தெய்வ உருவங்களும் கொட்டாஞ்சேனைப் பாடசாலை ஒன்றின் வாணிவிழாவுக்குப் போயின. மிருகங்களும் பறவைகளும் ஒரு முன்பள்ளிக்குப் போயின. நூற்பாவையைக் கீழ்வீட்டுச் சிங்களச் சிறுமி கேட்டு வாங்கினாள். இலங்கையின் நூற்பாவைக் கூத்தை 2018இல் யுனெஸ்கோ தனது பட்டியலில் சேர்த்திருக்கிறது என்று ரீச்சர் அவளுக்குச் சொல்லித்தான் கொடுத்தார். உடைந்த மண் பொம்மைகளை முற்றத்து மூலையில் ஒரு கும்பிடு போட்டுப் புதைத்தார்.

பொம்மைக்கு விடைகொடுப்பது வேடிக்கையான காரியம் அல்ல. கொலு முடிகிற விஜயதசமி இரவில் ஒரு பொம்மையைப் படுக்கவைக்கும் வழக்கம் தமிழகத்தில் இருக்கிறது. ஜப்பானில் டோக்கியோவின் உவெனோவில் உள்ள கன்னொன் கோயிலில் ஆண்டுதோறும் செப்ரெம்பர் 25ஆம் திகதி, வைத்திருக்க முடியாத பொம்மைகளைக் கொண்டுவந்து, துறவிகள் மந்திரம் ஓத, நன்றி சொல்லி ஒப்படைக்கிறார்கள்.

கட்டுவதும் வைப்பதும்

டெல்லியில் கேலிச்சித்திரக்காரர் சங்கர் அமைத்த பொம்மை அருங்காட்சியகம் இருக்கிறது. 1950களில் ஹங்கேரித் தூதுவர் கொடுத்த ஒரு பொம்மையில் தொடங்கிய சேகரிப்பு அது. ஊர் ஊராகக் கொண்டுபோய்க் காட்சிக்கு வைத்தபோது கட்டுவதிலும் பிரிப்பதிலும் பொம்மைகள் சேதமாயின. அதனாலேயே நிரந்தர இடம் தேவைப்பட்டு, 1965இல் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. பொம்மை உடைவது பெரும்பாலும் பயணத்தில்தான். ஆகவே இவற்றைக் கவனியுங்கள்.

மண் பொம்மையை ஈரத்துணியால் துடைக்கவேண்டாம்; சாயம் போய்விடும். உலர்ந்த மெல்லிய தூரிகை போதும்.

முதற் சுற்றுக்குப் பழைய பருத்திச் சீலைத்துண்டு பாவியுங்கள். பத்திரிகைத் தாளை நேரே சுற்றினால் மை ஒட்டும். அது வெளிச்சுற்றுக்கு ஆகும்.

தலையாட்டியின் தலையைக் கழற்றித் தனியாகச் சுற்றி, அதே பொதிக்குள் வையுங்கள்.

பாரமானவை அடியில், மெல்லிய மர பொம்மைகள் மேலே. பெட்டி சிறியதாக இருக்கட்டும். ஒரு பெண் தனியாகத் தூக்கக்கூடிய பாரமே அளவு.

கடற்கரைக் காற்றில் ஈரமும் உப்பும் அதிகம். பொலித்தீனில் இறுக்கிக் கட்டினால் உள்ளே பூஞ்சணம் பிடிக்கும். பெட்டியைப் பலகை மேல், வெளிச்சுவரைத் தொடாமல் வையுங்கள். காய்ந்த வேப்பிலை கொஞ்சம் போடலாம்.

பெட்டியின் வெளியே உள்ளிருப்பவற்றை எழுதி ஒட்டுங்கள்.

மூன்று படி போதும்

சின்ன இடத்தில் கொலு வைக்க முடியாதே என்று ரீச்சர் கவலைப்பட்டார். படிகள் ஒற்றை எண்ணாக இருப்பதுதான் வழக்கம். ஒன்பதும் வைக்கலாம், மூன்றும் வைக்கலாம். ஜப்பானில் மார்ச் 3ஆம் திகதி பெண்பிள்ளைகளுக்காக வைக்கும் ஹினா பொம்மைக் கொலுவில் முழுத் தொகுதிக்கு ஏழு படிகளும் 15 பொம்மைகளும் வேண்டும். இன்று தொடர்மாடி வீடுகளில் பலர் அரசன், அரசி என்ற ஒரு சோடியை மட்டும் வைத்துக் கொண்டாடுகிறார்கள். ஒன்றும் குறைந்துவிடவில்லை.

கொட்டாஞ்சேனையில் முதல் நவராத்திரிக்கு நான் போனேன். ரங்குப்பெட்டி, அதன்மேல் ஒரு பலகை, அதற்கும் மேல் ஒரு மட்டைப்பெட்டி. வெள்ளைச் சீலை விரித்து மூன்று படி. மேற்படியில் கும்பத்துக்குப் பக்கத்தில் மரப்பாச்சிச் சோடி. பாவைப்பிள்ளை கொலுவில் இல்லை. அது கட்டில் தலைமாட்டில் இருந்தது. "அது கொலுவுக்கு வாறதில்லைப் பிள்ளை, அவன் வந்து கேட்டால் குடுக்கவேணும்" என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை. கடலை வாங்கிக்கொண்டு பக்கத்து வீட்டுப் பிள்ளைகளோடு அமர்ந்தேன்.

2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு, வாடகை கட்ட இயலாமல் சிறிய இடத்துக்கு மாறிய பெண்கள் பலரை எமது பணியில் சந்திக்கிறேன். உங்களிடம் இருப்பது பொம்மையாக இல்லாமல் பாத்திரமாகவோ சீலையாகவோ பிள்ளையின் கொப்பியாகவோ இருக்கலாம். முறை ஒன்றுதான். இடத்தை அளவுங்கள். கதையை எழுதுங்கள். பிறகு பிரியுங்கள். உதவிக்கு வருபவர் யாராக இருந்தாலும், என்னைப் போன்ற சமூகப் பணியாளராக இருந்தாலும், உங்களைக் கேளாமல் ஒரு பொருளையும் பையில் போட விடாதீர்கள். முன்னைய தடவைகளில் எமக்குக் கிடைக்காத நேரம் இம்முறை கிடைத்திருக்கிறது. அந்த நேரத்தை எடுத்துக்கொள்ளுங்கள்.