முட்டித் தேய்மானம்: ஓர் எழுத்து செய்யும் வேலை

"எங்கம்மாவுக்கும் முட்டிதான் தேய்ஞ்சுது, எனக்கும் அதான்." வண்ணாரப்பேட்டையில் இப்படிச் சொல்பவர்கள் நிறையப் பேர். எம்.சி. ரோடு ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நின்றே புடவை விரித்துக் காட்டியவர், துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர் என்று முட்டிக்கு ஓய்வே கொடுக்காத பிழைப்பு இங்கே அதிகம். ஆனாலும் ஒரே வேலையைச் செய்த இருவரில் ஒருவர் ஐம்பதிலேயே மாடிப்படி ஏறத் திணறுகிறார். மற்றவர் எழுபதிலும் விறுவிறுவென்று நடக்கிறார்.

இந்த வித்தியாசத்தில் பரம்பரைக்குப் பெரும் பங்கு உண்டு. 1996-ல் பிரிட்டனில் பெண் இரட்டையரை ஒப்பிட்ட ஆய்வு, கை, முழங்கால் மூட்டுத் தேய்மானத்தில் அந்தப் பங்கை 39 முதல் 65 சதவீதம் என்று கணித்தது. சரி, கோளாறு எங்கே இருக்கிறது? நம் டி.என்.ஏ.வின் 300 கோடி எழுத்துகளில் புரதம் செய்வதற்கான குறிப்பு 2 சதவீதம்கூடத் தேறாது. மிச்சத்தில் பெரும்பகுதியை ஒரு காலத்தில் குப்பை என்றே ஒதுக்கினார்கள். மூட்டுத் தேய்மானத்தோடு தொடர்புள்ள மாற்றங்களில் பெரும்பாலானவை அந்த மிச்சத்தில்தான் கிடைத்தன.

ஜி.டி.எஃப்.5 என்ற மரபணுவையே பாருங்கள். கருவில் மூட்டுகள் உருவாக இது தேவை. 2007-ல் ஜப்பானின் ரிக்கன் நிறுவனத்தில் ஷிரோ இகேகாவா குழுவினர், இதன் முகப்பில், புரதமாக மாறாத பகுதியில், ஒரே ஓர் எழுத்து வேறுபடுவதைப் பிடித்தார்கள். அங்கே 'சி'க்குப் பதில் 'டி' இருந்தால் இடுப்பு, முழங்கால் தேய்மான ஆபத்து கூடுகிறது. புரதத்தில் எந்த மாற்றமும் இல்லை. குழாயைக் கொஞ்சம் இறுக்கியதுபோல அதன் வரத்து மட்டும் குறைகிறது.

2017-ல் அமெரிக்காவில் கேப்பலினி, கிங்ஸ்லி குழுவினர் அதே மரபணுவுக்குச் சற்றுத் தள்ளி 'குரோ1' என்ற கட்டுப்பாட்டுப் பகுதியைக் கண்டார்கள். எலிகளில் அதை நீக்கியதும் எலும்புகள் குட்டையாயின. மனிதரில் அங்கே நேரும் எழுத்து மாற்றம் உயரத்தையும் குறைக்கிறது, மூட்டு நோய் ஆபத்தையும் கூட்டுகிறது. நியாண்டர்தால்களிடமும் அது இருந்திருக்கிறது! குளிர் நாடுகளில் கட்டை உருவம் உடல் சூட்டைக் காத்திருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் ஊகம். பிள்ளை பெற்று வளர்த்த பிறகு வரும் மூட்டு வலியையோ இயற்கைத் தேர்வு பெரிதாகக் கண்டுகொள்வதில்லை.

2025-ல் வெளிவந்த ஆய்வு சுமார் 19.6 லட்சம் பேரின் மரபுத் தகவலை அலசி, மூட்டுத் தேய்மானத்தோடு 962 மரபுத் தொடர்புகளைக் காட்டியது. ஆனால் அவர்களில் பெரும்பாலோர் ஐரோப்பிய வம்சாவளியினர். 10,000 இந்தியர்களின் மரபுத் தொகுதி 2025 ஜனவரியில் ஆய்வாளர்களுக்குத் திறக்கப்பட்டது நல்ல தொடக்கம். நம் மக்களின் மூட்டுகளுக்கும் இப்படியொரு பெரிய ஆய்வு நடந்தே ஆக வேண்டும்.

ஒவ்வோர் எழுத்தின் பங்கும் துளிதான். ஆகவே அம்மாவுக்கு இருந்தது என்று வலி மாத்திரையோடு காலத்தை ஓட்டாதீர்கள். எடையைக் குறைப்பதும் தொடைத் தசைகளுக்குப் பயிற்சி கொடுப்பதும் பரம்பரை எதுவானாலும் பலன் தரும். காலையில் மூட்டு வீங்கி, ஒரு மணி நேரத்துக்கு மேல் விறைப்பாகவே இருந்தால் அது முடக்குவாதமாக இருக்கலாம்; தள்ளிப்போடாமல் மருத்துவரைப் பாருங்கள்.