ஒரகடத்துச் சம்பளம்

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரையில் பரந்து கிடக்கும் தொழிற்பேட்டைகளில் மோட்டார் வாகனங்களையும் கைபேசிகளையும் செய்து அனுப்பும் இளைஞர்களும் யுவதிகளும் மாதக் கடைசியில் நூறு ரூபாயும் மிச்சமின்றி நிற்பதைக் கண்டு, அவர்களுக்குச் சிக்கனம் தெரியவில்லை என்று தீர்ப்புக் கூறுவோர் உண்டு. அந்தத் தீர்ப்பு அநியாயமானது என்பது என் திடமான அபிப்பிராயம்.

விழுப்புரம், திருவண்ணாமலைப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து பிளஸ் டூ முடித்து இங்கே வரும் பெண்களில் பலருக்கு, தந்தையின் வைத்தியத்துக்காக அடகில் கிடக்கும் நகை, தாய் மகளிர் குழுவில் வாங்கிய லோன், தம்பியின் கல்லூரிக் கட்டணம் என்று முதல் சம்பளத்துக்கு முன்பே செலவுகள் காத்து நிற்கின்றன. சம்பளம் ஏறிய அன்றே பெரும்பகுதியை ஊருக்கு அனுப்பிவிட்டு, மீதத்தில் அறை வாடகையும் சாப்பாடும் பார்த்துக்கொள்ளும் அந்தப் பெண் செலவாளி அல்லள்; அவளுடைய சேமிப்பு தம்பியின் படிப்பாகவும் மீட்ட நகையாகவும் ஊரில் இருக்கிறது. ஏலச்சீட்டில் சேர்ந்தாலும், வீட்டில் ஒரு விசேஷமோ வியாதியோ வந்துவிட்டால், அதிகக் கழிவு விட்டு முன்கூட்டியே எடுக்க நேர்கிறது.

ஆயினும் இவற்றைவிடப் பெரிய காரணம் உத்தியோகத்தின் ஸ்திரமின்மையே. பி.எஃப். என்பது, மனிதன் மறந்தாலும் சட்டம் மறவாமல் அவனுக்காகச் சேர்த்துவைக்கும் ஏற்பாடு. அடிப்படைச் சம்பளம் 15,000 ரூபாய் என்றால், தொழிலாளியிடம் 1,800 ரூபாய் பிடிக்கப்படுகிறது. நிர்வாகமும் அதே தொகையைச் செலுத்த, அதில் 1,250 ரூபாய் ஓய்வூதியத் திட்டத்துக்குப் போக, மாதம் 2,350 ரூபாய் நிதியில் சேர்கிறது. மூன்று ஆண்டுகளில் வட்டி நீங்கலாகவே 84,600 ரூபாய். டிரெய்னியாகவும் காண்ட்ராக்டிலும் இடம் மாறிக்கொண்டே இருப்பவர்கள், ஒரு வேலைக்கும் மறு வேலைக்கும் இடைப்பட்ட மாதங்களில் வாடகைக்கும் தவணைக்கும் அந்தத் தொகையையே எடுத்துக் கரைக்க நிர்ப்பந்திக்கப்படுகிறார்கள்.

நிரந்தர வேலை பெற்றவர்களுக்கும் இங்கே உத்தரவாதம் இருந்ததில்லை. ஸ்ரீபெரும்புதூரில் 2006இல் உற்பத்தி தொடங்கிய நோக்கியா தொழிற்சாலை 2014 நவம்பரில் மூடப்பட்டது; பி.எஃப். ஓய்வூதியத்துக்கு வேண்டிய பணிக்காலமோ 10 ஆண்டுகள். முதல் நாளில் சேர்ந்து கடைசி நாள்வரை உழைத்தவர்களில் ஒருவர்கூட அந்த ஒரே வேலையால் அந்தத் தகுதியை எட்டியிருக்க முடியாது. தொழிற்சாலையின் ஆயுளே போதவில்லையென்றால் தொழிலாளியின் சிக்கனம் என்ன செய்யும்?

2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்கும்படி சிப்காட் திறந்த விடுதிகள் மெய்யான உதவி. இருப்பிடக் கவலையை அவை பெரிதும் குறைக்கும். அதனினும் எளிய, செலவேயில்லாத உதவி ஒன்று உண்டு. வேலை மாறும்போது பழைய பி.எஃப். கணக்கை அதே யு.ஏ.என். என்னும் பொதுக் கணக்கு எண்ணின் கீழ் புதிய நிறுவனத்துக்கு மாற்றிக்கொண்டால், பழைய ஆண்டுகளும் ஓய்வூதியத்துக்கு வேண்டிய அந்தப் பத்து ஆண்டுகளில் சேர்ந்துவிடும். காண்ட்ராக்ட் முடிந்து வெளியேறும் நாளில், பணத்தை எடுக்கும் விண்ணப்பத்தில் கையெழுத்திடுமுன், ஒவ்வொரு தொழிலாளிக்கும் நிர்வாகம் இதைத் தமிழில் எடுத்துச் சொல்ல வேண்டும்.